இஞ்சாருங்கோ

தவநாயகி தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துபோனாள். அது பெரிய விசயமில்லை. அவர் அதை அடிமட்டும் குடித்து, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் விசயம்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள். மூன்று கரண்டி சீனி. டொக்டர் ஒன்று போதும் என்றார்; டொக்டருக்கு முன்னால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து இவர் மூன்றுதான் கேட்டார். அரைக் கரண்டி குறைந்தாலும் முதல் மிடறிலேயே பிடித்துவிடுவார். "இஞ்சாரும், சீனி என்ன ஆனை விலையோ இப்ப?" என்று தொடங்கினால், அது லண்டனில் அவர்கள் இருக்கிற குட்மேய்ஸ் பக்கத்துக் கடைக்காரர் வரைக்கும் போய், அங்கிருந்து அரசாங்கம் வரைக்கும் போய், சுற்றி வந்து அவளுடைய மறதியில்தான் முடியும்.

இப்போது அவர் படகுக் கபினின் மறுபக்க இருக்கையில், ஈரக் கோட்டோடு, கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டபடி, கையுறையைக்கூடக் கழற்றாமல் சும்மா இருந்தார். வட்டச் சன்னலுக்கு வெளியே மூடுபனி. படகின் பாய்மரமே பாதிக்கு மேல் தெரியவில்லை. எங்கேயோ கயிறொன்று மரத்தில் தட்டித் தட்டி நின்றது. அவருடைய கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து சொட்டுகிறது, இன்னும் குறைந்தபாடில்லை.

"சீனி காணுமோ? போதுமோ?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஓம்," என்றார்.

பாவம், குளிரில் விறைத்துப்போனார் என்று நினைத்தாள். வேறெதையும் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

இந்தப் பயணமே மகள் விதுஷாவின் ஏற்பாடு. கலியாண நாள் பரிசாம். "அம்மா, மூண்டு நாள். பாய்க்கப்பல். அவசரமில்லாமல் தேம்ஸிலை இறங்கிப் போய், அந்தச் சின்னச் சின்னத் தீவுகளுக்குள்ளை நிண்டு நிண்டு வாறது. நீங்கள் சமைக்கத் தேவையில்லை, ஒண்டும் செய்யத் தேவையில்லை, படுங்கோ," என்றாள். அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் தவநாயகி சம்மதித்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்கே நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கி இருத்தி, துடைத்து, ஊட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ஒருவர். இரண்டு வருசத்துக்கு முன் வந்த பக்கவாதம் இராஜேந்திரனின் இடது காலை இழுவையாக்கிவிட்டுப் போனது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. பின்னிரவில் எழுப்பி "இஞ்சாரும், நித்திரையோ?" என்று கேட்கிற மனிதரோடு எத்தனை வருசம்தான் ஒருத்தி விழித்திருப்பாள்?

படகு மரினாவுடையது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், இங்கே பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பிக்கிறாள், விடுமுறைகளில் தெரிந்த குடும்பங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்வருவாள். ஐம்பது வயதுக்கு நல்ல கைபலம். கதை குறைவு. தவநாயகிக்கு அவளைப் பார்த்த உடனேயே பிடித்துப்போனது.

லண்டன் லைம்ஹவுஸ் படகுத்துறையிலிருந்து புறப்பட்ட முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஆறு அகன்றது, கரை தாழ்ந்தது, பிறகு கரை எது தண்ணீர் எது என்று சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே தட்டையாகிப்போனது. பாய் காற்றைப் பிடித்தும் பிடிக்காமலும் இருந்தது. "நடந்து போனாலும் இதைவிடக் கெதியாப் போகலாம்," என்றார் இராஜேந்திரன். "மரினா, உதிலை எஞ்சின் எண்டொரு சாமான் இருக்குதோ, இல்லாட்டி அதுக்கு வேறை காசோ?" மரினா சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அன்றிரவு ஒரு தீவுக்குப் பின்னால் நங்கூரம் போட்டு நின்றார்கள். அப்படியொரு அமைதி. அந்த அமைதியில் அவர் விடியும்வரை கதைத்தார்.

இரண்டாம் நாள் இந்த ஓடைக்குள் வந்தார்கள். இரண்டு பக்கமும் புல் முளைத்த தாழ்ந்த தீவுகள். தண்ணீர் வற்றியிருந்ததால் சேறு பளபளத்தது. அழுகின முட்டையும் உப்பும் கலந்த ஒரு வாடை அடித்தது. மரினா நங்கூரச் சங்கிலியை இறக்கிக்கொண்டே சொன்னாள்.

"முந்திக் காலத்திலை இந்த ஆத்துப் பக்கம் பழைய கப்பலுகளிலை கைதியளை அடைச்சு வைச்சிருந்தவங்களாம். நோய் வந்து செத்தால் இப்பிடியான தீவுச் சேத்திலைதான் தாட்டது. கல்லும் இல்லை, பேரும் இல்லை."

"அப்ப அவங்களை ஆர் எண்டு சொல்லிக் கூப்பிடுறது, பாவம்?" என்றார் இராஜேந்திரன். அதற்குப் பிறகு கைதிகள், கப்பல், வெள்ளைக்காரனின் நியாயம் என்று ஒரு மணித்தியாலம் போனது.

மத்தியானத்துக்குப் பிறகு அவர் தனக்கு நடக்க வேண்டும் என்றார். காலுக்கு நடை வேண்டுமென்று வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். இடது பக்கத் தீவின் ஓரத்தில் சிப்பி குவிந்து வெள்ளையாக ஒரு திட்டு நீண்டு கிடந்தது. சேறில்லை, நடக்க நல்லது. மரினா சிறு தோணியில் அவரை ஏற்றினாள். அவர் தொப்பியும் கையுறையும் போட்டுக் கைத்தடியை எடுத்தார், போனை மேசையில் மறந்துவிட்டு இறங்கினார், இறங்கிய பிறகும் கதைத்தார். தவநாயகிக்குத் தலை விண்ணென்று இடித்தது.

"ஐயோ, ஒரு நாளைக்கெண்டாலும் அந்த வாயை மூடிக்கொண்டிருங்கோவன்!"

அவர் சிரித்தார். "நான் இல்லாட்டித் தெரியும் உமக்கு."

மரினா அவரைத் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, அடுப்பில் எதையோ வைத்தாள். தவநாயகி கண்ணை மூடினாள். மூடித் திறப்பதற்குள் பனி வந்துவிட்டது. முதலில் அந்தத் தீவின் புல் காணாமல் போனது. பிறகு சிப்பித் திட்டின் வெள்ளை, வெள்ளைக்குள் கரைந்தது. அதற்குப் பிறகு படகு மட்டும்தான் இருந்தது.

மரினா மேலே நின்று "அண்ணை! அண்ணை!" என்று கூப்பிட்டாள். சத்தம் பஞ்சுக்குள் போனதுபோல் போனது.

"பயப்பிடாதேங்கோ அக்கா. தண்ணி இப்பதான் ஏறத் தொடங்குது. பொழுதுபடுற நேரத்துக்குத்தான் அந்தத் திட்டு மூடும். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் இஞ்சை நிண்டு விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருங்கோ. அவருக்கும் திசை தெரியும், எனக்கும் திரும்பி வர உதவி. பேரைச் சொல்லி உரத்துக் கூப்பிடுங்கோ."

பேரைச் சொல்லி. தவநாயகிக்கு அந்த நேரத்திலும் வெட்கமாக இருந்தது. அந்தப் பெயரை அவள் சொல்லாமல் இல்லை. வைத்தியசாலை வரவேற்பில், கவுன்சில் போனில், எழுத்தெழுத்தாக எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அது வேறு ஆட்களுக்கு அவரைப் பற்றிச் சொன்னது. அவரைப் பார்த்து, அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதில்லை. அவளுடைய தாய் கூப்பிட்டதில்லை, மாமியார் கூப்பிட்டதில்லை. சமையலறையிலிருந்து "இஞ்சாருங்கோ" என்றால் போதும். அந்த வீட்டில் அது யாருக்கென்று சுவருக்கும் தெரியும்.

மரினாவின் துடுப்புச் சத்தம் தேய்ந்து போனது. தவநாயகி மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பனியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ!"

ஒன்றுமில்லை.

"இஞ்சாருங்கோ... வாங்கோ!"

இடது பக்கம் கூப்பிட்டாள். பிறகு, எந்தப் பக்கமாக நடந்தாரோ என்று, வலது பக்கமும் திரும்பிக் கூப்பிட்டாள். முன்னுக்கும் பின்னுக்கும் கூப்பிட்டாள். ஆரென்று சொல்லாமல், ஆரையென்று சொல்லாமல், வாங்கோ, வாங்கோ என்று அந்த வெறும் தண்ணீர் முழுவதையும் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஓம்," என்றது ஒரு குரல். "வாறன்."

வலது பக்கத்திலிருந்து. அந்தப் பக்கத்துத் தீவு தூரம், திட்டும் இல்லை. வெறும் சேறும் ஓடையும்தான். ஆனால் அவருடைய குரல். பனிக்குள் சத்தம் திசை மாறும் என்று மரினா காலையில் சொல்லியிருந்தாள். தவநாயகிக்கு உயிர் வந்தது. மரினாவும் அதைக் கேட்டிருக்க வேண்டும்; துடுப்பின் சத்தம் இடமிருந்து வலமாகத் திரும்பிப் போனது. கொஞ்சம் பொறுத்துத் தோணி வந்தது. அதில் அவர் இருந்தார், தொப்பி, கோட்டு, கையுறையோடு, இடுப்புவரை நனைந்து.

"தண்ணிக்குள்ளை நிண்டவர் அக்கா," என்றாள் மரினா. மூச்சு வாங்கினாள். "அந்தப் பக்கம் எப்பிடிப் போனாரெண்டுதான் விளங்கேல்லை. அண்ணை, எப்பிடி அங்காலை போனனீங்கள்?"

"ஓம்," என்றார் அவர்.

அப்படித்தான் அவர் வந்தார். அப்படித்தான் அவள் அவசரத்தில் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தாள், சீனி போட மறந்தாள், அவர் குடித்தார்.

"கோட்டைக் கழட்டுங்கோ, துவாய் தாறன்," என்றாள் இப்போது.

"ஓம்." கழற்றவில்லை.

"கைத்தடி எங்கை?"

"ஓம்."

தலையில் ஏதும் அடிபட்டுவிட்டதோ, இன்னொரு பக்கவாதமோ என்று நினைத்தாள். வேலையில் பழகிய பழக்கத்தில் முகத்தைப் பார்த்தாள். வாய் கோணவில்லை. கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். சிரிக்கச் சொன்னாள். சிரித்தார். நிறுத்தச் சொல்லும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சம் படுக்கட்டோ நான்?" என்று கேட்டாள்.

"ஓம். படும்."

இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. எழும்பும், தாரும், பாரும், கேளும் என்பார், படும் என்றதில்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு எதிர் இருக்கையில் சாய்ந்தாள். குறட்டையில்லை. இருமலில்லை. ஒரு கேள்வியில்லை. சொட்டு, சொட்டு என்று தண்ணீர் மட்டும். எவ்வளவு நல்லாயிருக்கு, இப்படியே இருக்கக் கூடாதா என்று நினைத்தாள், நினைத்தபடியே ஆழ்ந்த நித்திரைக்குள் போனாள்.

எழுப்பியது அவருடைய குரல்தான்.

"இஞ்சாரும்! எங்கை நிக்கிறீர்? எவ்வளவு நேரமாக் கத்துறன், காது அடைச்சுப் போச்சோ உமக்கு?"

"வாறன், வாறன்," என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கபின் மங்கியிருந்தது. பொழுது சாய்கிறது. சேற்று வாடை உள்ளுக்குள் நிரம்பியிருந்தது. அவர் எதிரில், அவள் விட்ட இடத்தில், விட்டபடியே இருந்தார். வாய் மூடியிருந்தது. அவருடைய காலடியில் தேங்கியிருந்த தண்ணீர் அவளுடைய செருப்புவரை வந்திருந்தது.

"தவம்! கால் விறைக்குதடியப்பா! தண்ணி வருகுது இஞ்சை!"

குரல் வெளியிலிருந்து வந்தது.

படிக்கட்டில் மரினாவின் முகம் தெரிந்தது. வெளிறிப்போயிருந்தது.

"அக்கா... அண்ணை உள்ளுக்குத்தானே?"

"ஓம். இஞ்சைதான் இருக்கிறார்."

"அப்ப அது ஆர்?"

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார்.

தவநாயகி மேலே எப்படி ஏறி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. குளிர் முகத்தில் அறைந்தது. இடது பக்கம், அந்தச் சிப்பித் திட்டு இருக்க வேண்டிய பக்கமிருந்து, அவர் ஏசிக்கொண்டிருந்தார். அடுத்த முனைக்கு நடந்துபோய்க் கல்லொன்றில் இருந்துவிட்டாராம். பனி வந்து திசை தெரியவில்லையாம். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதாம். கைத்தடி தண்ணீரில் போய்விட்டதாம். இதெல்லாம் மகள் விதுஷாவின் வேலையாம். அந்த ஏச்சின் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு அமிர்தமாக இருந்தது. ஐயோ, என்ர மனிசன், என்று வாய்விட்டு அழுதாள்.

மரினா ரேடியோவில் கரையோரக் காவலுக்குச் சொன்னாள். வருகிறோம், பனி கடுமை, நேரமெடுக்கும் என்றார்கள். அதுவரைக்கும் திட்டு இருக்காது. மரினா தோணியை இழுத்து இறங்கினாள்.

"நான் போறன். நீங்கள் கீழை போகாதேங்கோ அக்கா. அந்தாளைப் பாக்காதேங்கோ. கூப்பிட்டுக்கொண்டே இருங்கோ, அவர் கதைச்சுக்கொண்டிருக்கட்டும், குரலைப் பிடிச்சுப் போய்விடுவன். சும்மா இஞ்சாருங்கோ எண்டால் ஆரும் ஓமெண்ணலாம், பேரைச் சொல்லுங்கோ."

துடுப்பு. தண்ணீர். பிறகு பனி மூடிக்கொண்டது.

"தவம், முழங்காலுக்கு வந்திட்டுது!"

"நில்லுங்கோ, மரினா வாறாள்! இஞ்சாருங்கோ! இஞ்சாருங்..."

"ஓம்," என்றது கீழேயிருந்து.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கபினுக்குள் ஈரக் கோட்டு உரசுகிற சத்தம். படியில் ஒரு கால். பிறகு மற்றக் கால், இழுபட்டு வந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நின்றவள், அந்த இழுவையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். வலது கால். அது வலது காலை இழுத்துக்கொண்டு ஏறியது. கண்ணாடியைப் பார்த்துப் பழகின மாதிரி.

வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பியில் சாய்ந்துகொண்டு, அவள் பார்த்த பக்கமே பார்த்தது.

"அண்ணை, கதையுங்கோ! விடாமல் கதையுங்கோ!" மரினாவின் குரல் எங்கேயோ.

"இடுப்பளவு பிள்ளை! எந்தப் பக்கம் வாறது நான்? தவம் ஏன் பேசாமல் நிக்கிறா? இஞ்சாரும், கூப்பிடுமன்! உம்மடை குரலுக்கு நடந்து வாறன்!"

கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பது "ஓம்" என்கிறது. இரண்டு குரலும் ஒன்று. மரினா எந்த ஓமைப் பிடித்துப் போவாள்? கையை வாயிலிருந்து எடுத்தாள். மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கட்டும் என்பதுபோல், "இஞ்சாருங்கோ" என்றாள்.

"ஓம்."

இன்னும் கிட்ட. தோளில் ஈரம் பட்டது.

இனி வேறு வழியில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குத்தான் போகும். அவருக்கு மட்டும்தான் போகும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் அவள் கொடுக்காத குரலில், அந்தப் பெயர். நாக்கு எழவில்லை. கலியாண வீட்டில் முதல் தரம் முகம் பார்த்த வெட்கம் இந்த வயதில் திரும்பி வந்தது.

"தவம்... நெஞ்சுக்கு வந்திட்டுது." இப்போது ஏச்சில்லை. பயம். அந்த மனிதரின் குரலில் அவள் கேட்டறியாத பயம். "தவம்."

"இராஜேந்திரன்!"

பனி முழுவதும் கேட்கிற மாதிரி.

"இராஜேந்திரன்! இஞ்சை வாங்கோ! இராஜேந்திரன்!"

சத்தம் போய் அடங்கியது. ஒரு சொல் வரவில்லை. கயிறு மரத்தில் தட்டுவதுகூட நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். மூச்சை விடாமல் காத்திருந்தாள். வலது காதோடு, மிகக் கிட்ட, யாரோ அந்தப் பெயரையும் சேர்த்து நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

சொட்டுவது நின்றது.

தொண்டை செருமும் சத்தம். இரண்டு தரம், நடுவில் ஒரு மூக்குறிஞ்சல். ஒவ்வொரு காலையும் குட்மேய்ஸ் வீட்டு மாடிப்படியில் கேட்கிற செருமல்.

"என்னப்பா இது?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "ஊர் கேக்கப் பேர் சொல்லிக் கூப்பிடுறீர். நான் இஞ்சை பக்கத்திலைதானே இருக்கிறன்?"

அவள் அசையவில்லை.

"அதுசரி, அந்தத் தேத்தண்ணிக்கு ஏன் சீனி போடேல்லை? சொன்னால் கோவம் வரும் எண்டு பேசாமல் இருந்தனான். நீர் களைச்சுப் போயிருக்கிறீர், அதாலை பறவாயில்லை. அப்பிடியெண்டு நாளைக்கும் மறக்கிறேல்லை, விளங்குதோ? விதுஷாவிட்டைச் சொல்லுறன், அம்மாவுக்கு மறதி தொடங்கிட்டுது எண்டு." கை அவளுடைய தோளில் வந்தது. கையுறைக்குள் சூடாக இருந்தது. "ஏன் நடுங்குறீர்?"

பனிக்குள் ஒன்றுமில்லை. ஏச்சில்லை. கூப்பாடில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு, கத்துங்கோ, ஏசுங்கோ, என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"ஓம்," என்றது தூரத்தில், இடது பக்கம். தட்டையாக. "வாறன்."

"பிடிச்சிட்டன் அக்கா!" மரினா கத்தினாள். அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "தலைதான் வெளியிலை தெரிஞ்சது, பிடிச்சு ஏத்திட்டன்!"

துடுப்பு. துடுப்பு. தோணியின் மூக்கு பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. மரினாவுக்கு முன்னால் அவர் குந்தியிருந்தார். தொப்பியில்லை, நரைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. இடது கால் ஒரு பக்கமாக நீட்டிக் கிடந்தது. கையுறை போய்விட்டது, தோணியின் விளிம்பைப் பிடித்திருந்த விரலில் அந்தக் கலியாண மோதிரம். வீங்கிய விரலைவிட்டுக் கழற்றவே ஏலாமல், ஒருமுறை ஒப்பரேசனுக்கு முன் தாதிமார் மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்ட மோதிரம். அவர்தான். அவரேதான்.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கடை வாசலில் வழி விட்டு நிற்கிற ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல், மரியாதையாக, கொஞ்சம் கூச்சத்தோடு பார்த்தார்.

மரினாவின் கண் அவளைத் தாண்டிப் பின்னால் போனது. துடுப்பு கையைவிட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. "யேசுவே," என்றாள்.

"ஆர் அது வந்திருக்கிறது?" என்று இராஜேந்திரன் தவநாயகியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அட கடவுளே, முழுக்க நனைஞ்சு போய் நிக்கிறார், பாவம். என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர் தவம்? வந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடுமன்."

கை தானாகத்தான் போனது. எத்தனையோ வருசமாகக் களைத்த கை, சொன்னால் செய்கிற கை. கபின் வாசலில் இருந்த பிளாஸ்கைத் திறந்தது. ஆறிப்போன தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றியது. கம்பிக்கு வெளியே நீட்டியது.

அவர் எழுந்து, இரண்டு கையாலும் வாங்கி, மோதிரம் கோப்பையில் கிணுங்க, அடிமட்டும் குடித்தார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சீனி காணுமோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றார்.